அதிகாரப் பரவலாக்கம்: தேர்வுக்குப் படிப்பவர்கள் உங்கள் புளோக்கின் மின்தூக்கியிலிருந்து தொடங்குங்கள்

பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று பொது நிர்வாகம் படித்தபோது என்னை அதிகம் திணற வைத்தது அதிகாரப் பரவலாக்கம்தான். உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் பொதுச் சேவை திறம்பட நடக்குமா என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். முதல் கட்டுரையில் "மக்களுக்கு அருகில் இருக்கும் அரசுக்குத்தான் அவர்கள் தேவை தெரியும்" என்பதையே ஐந்து பக்கம் சுற்றிச் சுற்றி எழுதினேன், மதிப்பெண் பாதியைத் தாண்டவில்லை, ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது இரண்டே கேள்வி: எந்த அதிகாரம்? எந்தத் திறன்? அதைப் பிடித்துக்கொண்டுதான் அப்புறம் தேறினேன்.

சரி, முதல் கேள்வி. இங்கே சிங்கப்பூரில் உங்கள் புளோக்கின் மின்தூக்கி நின்றுபோனால் நகர மன்றத்தைத்தான் அழைக்கிறோம். பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, நாம் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான் போகிறது, அந்தக் கட்டணமும் நகர மன்றத்துக்கு நகர மன்றம் வேறுபடும். ஆனால் மின்தூக்கி இயங்க அனுமதி கொடுப்பது கட்டட, கட்டுமான ஆணையம். பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றும் திட்டம் 2001இல் தொடங்கியபோது அதை நடத்தியது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். ஒரே மின்தூக்கிக்கு மூன்று அமைப்புகள்! அதனால் "அதிகாரம் கொடுக்கப்பட்டது" என்று மொத்தமாக எழுதாதீர்கள். வேலை யாரிடம், பணம் யாரிடம், ஆட்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், தவறு நடந்தால் வாக்காளர் யாரைக் கேட்பார் என்று பிரித்து எழுதுங்கள்.

இதில் கடைசிக் கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான், அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம். என் அப்பத்தா ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் இருந்தார்கள். சட்டத்தில் ஊராட்சி இருந்தது, கேட்க ஒரு தலைவர் இல்லை. இந்த ஓர் உதாரணம் தேர்வில் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது.

இரண்டாவது கேள்வி, திறன். அதே வேலையைக் குறைந்த செலவில் முடிப்பது ஒன்று, அந்த ஊருக்கு வேண்டியதைச் செய்வது இன்னொன்று. பொருளியலாளர் வாலஸ் ஓட்ஸ் 1972இல் முன்வைத்த தேற்றத்தை, அதாவது எல்லா ஊருக்கும் ஒரே அளவில் மையம் கொடுப்பதைவிட அந்தந்த ஊரே தன் தேவைக்கு ஏற்பக் கொடுப்பது மேல் என்பதை, எல்லோரும் எழுதுவார்கள், அதன் நிபந்தனைகளைப் பலர் விட்டுவிடுவார்கள்: தேவை இடத்துக்கு இடம் மாற வேண்டும், சேவையின் பலன் எல்லை தாண்டிப் போகக்கூடாது, மையமாகச் செய்வதால் செலவு மிச்சமாகக் கூடாது. தண்ணீர்க் குழாயைப் பேட்டை பேட்டையாகப் பிரித்தால் செலவு ஏறும். விளையாட்டுத் திடலை எங்கே வைப்பது என்பதை அந்தப் பேட்டையே முடிவு செய்யலாம்.

சிங்கப்பூரை "மையப்படுத்தப்பட்ட நாடு" என்று ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமான விஷயம், ஏனென்றால் நம் வரலாறே நல்ல விடை. 1957இல் நகராட்சி மன்றத்துக்குத் தேர்தல் நடந்து மேயரும் வந்தார், 1959இல் அதன் பணிகள் அரசாங்கத்தின் கீழ் போயின, 1963இல் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சேர்ந்தன. பிறகு 1988இல் நகர மன்றச் சட்டம். குழாய் மையத்திடம், நடைபாதையும் மின்தூக்கியும் நகர மன்றத்திடம். ஓட்ஸின் நிபந்தனைகளை இதோடு பொருத்தி எழுதினால் மனப்பாடம் செய்தது போல இருக்காது.

தமிழ்நாடு போக, வெளிநாட்டு உதாரணம் இன்னும் இரண்டு போதும். கேரளத்தில் 1996இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்ததைப் பணத்துக்கும், இந்தோனீசியா 2001இல் ஒரே வீச்சில் பொறுப்புகளை மாவட்டங்களுக்கு மாற்றியதை வேகத்துக்கும் எழுதலாம்.

தேர்வு அறையில் முதல் ஐந்து நிமிடம் விடை எழுதத் தொடங்காதீர்கள். வேலை, பணம், ஆட்கள், பதில் சொல்பவர் என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வோர் உதாரணத்தையும் அதில் நிரப்புங்கள். வீட்டில் பழக வேண்டுமென்றால் மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை ஒரு வாரம் நின்று படியுங்கள், எதை எந்த அமைப்பு ஒட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.