சி-ல டூல் எழுதும்போது கூடவே எடுத்துட்டு போற ஒரு குட்டி ஃபைல்

சி ப்ரோக்ராமிங் மொழியில ஒரு கமாண்ட் லைன் டூல் எழுத உக்காந்தா மெயின் ஃபங்ஷனுக்கு ஆர்க்சி (எத்தனை வார்த்தை வந்துச்சு), ஆர்க்வி (அந்த வார்த்தைகள்) ரெண்டும் வந்துரும். அதுக்கு மேல எல்லாம் நாமதான் பாத்துக்கணும். அந்த வார்த்தைகளை பிரிச்சு படிக்க பைத்தான்ல ஆர்க்பார்ஸ் மாதிரி கூடவே வர்ற விஷயம் எதுவும் சி ஸ்டாண்டர்ட்ல இல்ல. அதனால புது டூல் எதை ஆரம்பிச்சாலும் நான் முதல்ல காப்பி பண்ணி போடறது நாலஞ்சு ஃபங்ஷன் இருக்கற ஒரே ஒரு ஃபைல்தான், அதுல என்ன இருக்கு, ஏன் இருக்குன்னு சொல்றேன்.

-h, -v மாதிரி ஆப்ஷன் படிக்கறதுக்கு நான் சொந்தமா எதுவும் எழுதறதில்ல, கெட்ஆப்ட்ங்கற ரெடிமேட் ஃபங்ஷன் போதும். ஏடி அண்ட் டி 1985-லயே அதோட சோர்ஸை டல்லஸ்ல நடந்த யூனிஃபோரம் மாநாட்டுல எல்லாருக்கும் பப்ளிக் டொமைனா குடுத்துட்டாங்க, இப்ப அது யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான பொது ஸ்டாண்டர்டான போசிக்ஸ்ல இருக்கு, லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாத்துலயும் ஓடும். ஒண்ணே ஒண்ணு, அது திருப்பி தர்ற வேல்யூவை வாங்கற வேரியபிள் இன்ட்-ஆ இருக்கணும், கேர் வேணாம். ஆப்ஷன் தீந்ததும் அது மைனஸ் 1 தரும், ஆனா ஏஆர்எம் லினக்ஸ்ல கேர் வந்து அன்சைன்ட், அதாவது மைனஸ் நம்பரே வெக்க முடியாது, அந்த மைனஸ் 1 அங்க 255 ஆயிரும், லூப் முடியவே முடியாது. இன்டெல் லேப்டாப்ல ஒழுங்கா ஓடின அதே கோடு ராஸ்பெரி பை-ல போய் அப்படியே நின்னுரும்.

அடுத்தது நம்பர். எழுத்தை நம்பரா மாத்தற ஏடோஐ-யை தயவு செஞ்சு விட்டுருங்க. "abc"ன்னு எழுத்தை குடுத்தாலும் 0, நிஜமாவே 0 குடுத்தாலும் 0, எது எதுன்னு யாருக்கு தெரியும்? அதே வேலைக்கு ஸ்ட்ர்டால் யூஸ் பண்ணுங்க, கூப்பிடறதுக்கு முன்னாடி எர்ர்நோ-வை (கடைசியா வந்த எரரோட நம்பர் இருக்கற வேரியபிள்) 0 ஆக்கிடுங்க, வந்தப்புறம் மூணு விஷயம் பாருங்க, ஒரு இலக்கமாவது படிச்சுதா, ஸ்ட்ரிங் கடைசி வரைக்கும் போச்சா, ரேஞ்ச் தாண்டுச்சா. மூணையும் ஒவ்வொரு இடத்துலயும் எழுத யாருக்கும் பொறுமை இருக்காது, அதுக்குத்தான் இதை ஒரு ஃபங்ஷனா சுத்தி வெக்கறது, அதுக்கு மினிமம் மேக்சிமமும் சேத்து குடுத்துருவேன். அன்சைன்ட் வேணும்னு ஸ்ட்ர்டவுல் பக்கம் போனீங்கன்னா, அது மைனஸ் 1-ஐ கூட எரர் சொல்லாம வாங்கிட்டு ஒரு ராட்சச நம்பரா திருப்பி தரும், அதையும் நாமதான் தடுக்கணும்.

எரர் மெசேஜுக்கு பிஎஸ்டி-காரங்க எழுதின எர்ர், வார்ன் ஃபங்ஷன்கள் 4.4பிஎஸ்டி-லேர்ந்து இருக்கு, லினக்ஸோட சி லைப்ரரிகளான ஜிலிப்சிலயும் மசல்லயும் கிடைக்கும். ப்ரோக்ராம் பேரு, நம்ம மெசேஜ், கூடவே எர்ர்நோ என்ன சொல்லுதுன்னு எல்லாத்தையும் எஸ்டிடிஎர்ர்-ல (எரருக்குன்னே இருக்கற தனி அவுட்புட்) போட்டுரும். விண்டோஸ்லயும் ஓடணும்னா மட்டும் விஎஃப்பிரிண்ட்எஃப் வெச்சு நாமளே எழுதிக்கணும், அப்போ ஜிசிசி கம்பைலரோட ஃபார்மட் ஆட்ரிப்யூட்டை மேல போட மறக்காதீங்க, நம்பருக்கான பர்சன்ட் டி-க்கு ஸ்ட்ரிங் குடுத்தா கம்பைல் பண்ணும்போதே வார்னிங் வந்துரும். எஸ்டிடிஎர்ர் எதுக்குன்னா, நம்ம அவுட்புட்டை இன்னொரு ப்ரோக்ராம் பைப்ல வாங்கிட்டு இருக்கும், அதுக்கு நடுவுல "ஃபைல் திறக்க முடியல"ன்னு ஒரு வரி போய் விழுந்தா அந்த ப்ரோக்ராம் அதையும் டேட்டான்னுதான் நினைக்கும். ஹெல்ப் மட்டும் வேற கதை, யூசரே கேட்டு வர்ற ஹெல்ப்னா எஸ்டிடிஅவுட் (வழக்கமான அவுட்புட்), எக்ஸிட் கோட் 0, அதாவது வெற்றி. தப்பா டைப் பண்ணினதால வர்ற யூசேஜ்னா எஸ்டிடிஎர்ர், எக்ஸிட் கோட் 0 இருக்கக் கூடாது.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறதுக்கு வரேன். பிரிண்ட்எஃப் பண்ணினா எழுதிருச்சுன்னு அர்த்தம் இல்ல. டெர்மினல்னா வரிக்கு வரி வெளிய போகும், ஃபைலுக்கோ பைப்புக்கோ போச்சுன்னா பஃபர் (தற்காலிகமா சேத்து வெக்கற இடம்) நிறையற வரைக்கும் மெமரியிலயேதான் கிடக்கும், சின்ன அவுட்புட்னா ப்ரோக்ராம் முடியும்போதுதான் நிஜமான ரைட் நடக்குது. அந்த நேரத்துல டிஸ்க் ஃபுல்லா இருந்தா? மெயின் ஏற்கனவே ரிட்டர்ன் 0 சொல்லியாச்சு, ஃபைல் காலி, ஆனா எக்ஸிட் கோட் வெற்றி. அதை நம்பி அடுத்த ஸ்க்ரிப்ட் பழைய பேக்கப்பை அழிச்சிரும், இது சும்மா பயமுறுத்த சொல்லல, பேக்கப் ஸ்க்ரிப்ட் பாதி பேர் எழுதறதே அப்படித்தான்.

லினக்ஸ்ல இதை டெஸ்ட் பண்ண டிஸ்கை நிரப்ப வேணாம். டெவ் டைரக்டரிக்குள்ள ஃபுல்னு ஒரு டிவைஸ் இருக்கு, எதை எழுதினாலும் இடம் இல்லன்னு சொல்லும். உங்க ஹலோ வேர்ல்டை அதுக்கு திருப்பி விட்டு எக்ஸிட் கோட் பாருங்க, 0 வரும். ஃபைல் லிஸ்ட் காட்டற எல்எஸ்-ஐ அதே மாதிரி விட்டா ரைட் எரர்னு சொல்லி ஃபெயில் ஆகும், ஏன்னா எல்எஸ் எழுதற க்னூ கோர்யூட்டில்ஸ்-காரங்க க்ளோஸ் எஸ்டிடிஅவுட்னு ஒரு ஃபங்ஷனை, ப்ரோக்ராம் முடியும்போது தானா ஓடற மாதிரி, ஏட்எக்ஸிட்-ல போட்டு வெச்சிருக்காங்க. என் ஃபைல்லயும் அதேதான், எரர் வந்துதான்னு ஃபெர்ரர் வெச்சு பாக்கும், எஸ்டிடிஅவுட்டை எஃப்க்ளோஸ் வெச்சு மூடும், ரெண்டுல எது சொதப்பினாலும் எஸ்டிடிஎர்ர்-ல ஒரு வரி போட்டுட்டு எக்ஸிட் கோட் 1-ஓட வெளிய வந்துரும். அங்க சாதா எக்ஸிட்-ஐ மட்டும் கூப்பிடாதீங்க, ஏற்கனவே எக்ஸிட்டுக்குள்ளதான் இருக்கோம், திரும்ப கூப்பிட்டா என்ன ஆகும்னு ஸ்டாண்டர்ட் உத்தரவாதம் தரல, முன்னாடி அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட்-ஐ கூப்பிடணும். மொத்தமே பத்து வரி சொச்சம்தான், மெயின்ல முதல் வரியா ஏட்எக்ஸிட் போட்டுட்டா அதுக்கப்புறம் எந்த வழியா ரிட்டர்ன் ஆனாலும் அது ஓடிரும்.