பொம்மையின் கண்

படப்பிடிப்பில் எடுத்த காட்சியையும் கணினியில் உருவாக்கிய உருவத்தையும் ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக்குவதுதான் என் வேலை. காம்பாசிட்டிங் என்பார்கள். விண்கலமும் வேற்றுக்கிரகமும் வரும் படங்களில் நிஜமாகச் செய்வது உயர்வா, கிராபிக்ஸ் உயர்வா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கண் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அது ஒரு மழைக் காட்சி. வேற்றுக்கிரகப் பிராணியின் தலையைச் சிலிகான் தோல் போர்த்திய பொம்மையாகச் செய்திருந்தார்கள். நான்கு பேர் பின்னால் குனிந்து நின்று அதை இயக்கினார்கள். நடிகை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும்தான் அந்தப் பொம்மை; பிறகு அதை முழுவதும் அழித்துவிட்டுக் கணினிப் பிராணியை வைப்பதாகத் திட்டம். மூன்று வாரம் உழைத்தோம். தோலின் நுண்துளைவரை எல்லாம் சரியாக இருந்தது. காட்சி மட்டும் செத்துக் கிடந்தது.

ஓர் இரவு, அழிப்பதற்கு முந்தைய மூலக் காட்சியை பிரேம் பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்திப் பார்த்தேன். பொம்மையின் கீழ் இமை மடிப்பில் ஒரு மழைத்துளி வந்து தேங்குகிறது. கொஞ்சம் பருக்கிறது. இமை அசைந்ததும் உடைந்து கன்னத்தில் வழிகிறது. அதே கணத்தில் நடிகையின் தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறது, மூச்சை அடக்கிக்கொள்கிறார். அந்தத் துளியைத் திட்டமிட்டு யாரும் வைக்கவில்லை. அவர் பயந்த காரணத்தைத்தான் நாங்கள் மூன்று வாரமாக அழித்துக்கொண்டிருந்தோம்.

மேற்பார்வையாளர் நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்தார். "கண்ணை விட்டுவையுங்கள்" என்றார். கண்ணும் இமையும் பொம்மையுடையவை, மற்றதெல்லாம் கணினி என்று முடிந்தது அந்த ஷாட்.

1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசர்கள் தோன்றுவது மொத்தம் 15 நிமிடம் அளவுக்குத்தான். அதில் கணினியில் பிறந்தவை 6 நிமிடம் போல. மழையில் நின்ற ராட்சத இயந்திர டைனோசரின் ரப்பர் நுரைத் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், உடம்பே நடுங்க ஆரம்பித்தது. துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்தியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டாலும் அது ஓடாது. முழு உடலோடு ஓடவேண்டிய இடத்தில் கணினி வந்தது. முகத்தருகே மூச்சுவிட வேண்டிய இடத்தில் இயந்திரம் நின்றது. அந்தப் பங்கீட்டை இன்றைக்கும் நான் பாடமாகப் பார்க்கிறேன்.

மினியேச்சர் எனப்படும் சிற்றளவு மாதிரிக்கும் எல்லை உண்டு. பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த கோபுரம் சரிவதை நொடிக்கு 96 பிரேம் வேகத்தில் எடுத்து, 24இல் ஓட்டினால், சரிவு நான்கு மடங்கு மெதுவாகி நிஜக் கோபுரத்தின் கனம் வந்துவிடும். தண்ணீரிடம் இது பலிக்காது. கோபுரத்தைச் சிறிதாக்கலாம், துளியைச் சிறிதாக்க முடியாது. தொட்டியில் எழும் அலை தொட்டி அலையாகவே தெரியும். கடல் பொங்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் கணினியைத்தான் கேட்பேன்.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) குழுவினர் இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கருந்துளையைக் கணினியில் உருவாக்கினார்கள். படப்பிடிப்புத் தளத்தில், விண்கலத்தின் ஜன்னலுக்கு வெளியே பெரிய திரையில் விண்வெளிக் காட்சிகளை ஒளிபரப்பினார்கள். பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காகக் கட்டும் வெறும் பச்சைத் துணியைப் பார்த்து நடிகர்கள் வியக்க வேண்டிய நிலை வரவில்லை. கணினிப் படமே அங்கே கண்ணெதிரே இருக்கும் பொருளாகிவிட்டது.

எனக்கு வலிப்பது ஒன்றுதான். 'கிராபிக்ஸ் இல்லாமல் எடுத்தது' என்று விளம்பரம் செய்கிறார்கள். பொம்மையைத் தாங்கிய கம்பியை அழித்தவர்கள், வானத்தை மாற்றியவர்கள் எல்லாரும் அந்த ஒரு வரியில் இல்லாமல் போகிறார்கள். பொம்மை செய்பவர்களுக்கும் எங்களுக்கும் இடையே இல்லாத பகையை அது மூட்டிவிடுகிறது.

அந்த மழைக் காட்சியில் நால்வரின் கைகளையும் அழித்தது நான்தான். கறுப்புக் கையுறை, மணிக்கட்டுவரை ஈரம். இமையின் நெம்புகோலைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல், துளி பருத்து முடியும்வரை ஒரு பிரேமில்கூட அசையவில்லை.