முனங்கிய கிரைண்டரும் வீணாய் வாங்கிய பெல்ட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. உளுந்தைக் கழுவி கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். 'ம்ம்ம்' என்ற சத்தம் மட்டும் வந்தது, டிரம் அசையவில்லை. அடுப்படியிலிருந்து அத்தை, "ஏளா, அது சுத்துதா, முனங்குதா?" என்று கேட்டார்கள். முனங்குகிறது என்றேன். "அப்பம் மொதல்ல அமத்து. பெறவு யோசி."

அத்தை அப்படிச் சொன்னதால்தான் மோட்டார் பிழைத்தது. சுற்றாமல் முனங்கி நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகிய வாடை வந்திருக்கலாம். உளுந்து ஏற்கெனவே ஊறிவிட்டதே என்று பக்கத்து வீட்டு மதினி கிரைண்டரில் ஆட்டிக்கொண்டு வந்தோம்.

எங்களுடையது 2 லிட்டர் டேபிள் டாப், 150 வாட் மோட்டார். பாளையங்கோட்டைக்குக் குடிவந்த வருஷம் வாங்கியது. 11 வருஷம் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்மையும் குழவியையும் எடுத்து வைத்து, உடம்பைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினேன். பெல்ட்டின் உட்பக்கம் முழுக்கக் கீறல். ஆகா, ஆள் கிடைத்துவிட்டான் என்று அன்று மதியமே பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போய் 140 ரூபாய்க்குப் புது பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் அதே 'ம்ம்ம்'.

கொஞ்சம் யோசித்திருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். பெல்ட் நழுவினால் மோட்டார் பாட்டுக்குச் சுற்றும், டிரம்தான் நிற்கும். இங்கே மோட்டாரின் சின்னப் புல்லியே (பெல்ட் ஓடும் சக்கரம்) நகரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, பழசாகத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, மோட்டார் புல்லியைக் கையால் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது. அப்புறம் பிளக்கைச் செருகி, மோட்டார் முனங்கும்போது மரக்கரண்டிக் காம்பால் புல்லியை லேசாகத் தட்டிவிட்டேன். (கையை அருகே கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டேன்.) சட்டென்று ஓட ஆரம்பித்தது. அணைத்துவிட்டு, அடுத்த தடவை எதிர்ப்பக்கமாகத் தட்டினேன். அந்தப் பக்கமாகவே ஓடியது! தள்ளுகிற திசையில் ஓடினால், அனேகமாக மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் கண்டென்சர்தான் கோளாறு.

காரணம் ஆட்டுக்கல்லில் ஆட்டிய யாருக்கும் புரியும். குழவியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளினால் அது சுற்றாது, பக்கவாட்டிலும் ஒரு தள்ளு வேண்டும். வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்ட், மோட்டாரின் ஒரு காயிலில் இப்படி முன்னும் பின்னுமாகத்தான் இழுக்கும். கண்டென்சர் வழியாகப் போகும் இரண்டாவது காயில் கொஞ்சம் நேரம் தள்ளி இழுப்பதால்தான் சுழற்சி பிறக்கிறது. கண்டென்சர் செத்தால் அந்தப் பக்கத் தள்ளு போய்விடும்.

கண்டென்சர் மேல் 8 எம்.எஃப்.டி (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் கொள்ளளவு), 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஒயர் நிறங்களை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். ஒயர் எல்லாம் சரியாக இருந்தால் கண்டென்சரில் இருக்கும் சார்ஜ் காயில் வழியாகவே இறங்கிவிடும். ஆனால் ஒரு ஒயர் உள்ளே விட்டுப்போயிருந்தால் இறங்காது. அதனால் பழைய குண்டு பல்பு ஒன்றின் இரண்டு ஒயரையும் கண்டென்சர் முனைகளில் தொட்டு வைத்த பிறகே கழற்றினேன். மல்டிமீட்டரில் வைத்தால் 8 இருக்க வேண்டிய இடத்தில் 2.3 காட்டியது. காயிலையும் அளந்தேன்: மூன்று ஒயரில் இரண்டிரண்டாக வைத்தபோது 34, 42, 76 ஓம். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வருகிறது, அப்படியானால் காயில் எங்கும் விட்டுப்போகவில்லை.

கடையில் 8 இல்லை என்று 10 எம்.எஃப்.டி-யை நீட்டினார் அண்ணாச்சி. "கூடப் போட்டா நல்லா இழுக்கும்மா." வேண்டாம் என்றேன். அளவு கூடினால் இரண்டாவது காயிலில் கரண்ட் கூடும், நாள்பட ஓடினால் சூடாகும். '230 வோல்ட் வீட்டுக்கு 440 எதுக்கு' என்று குறைந்த வோல்ட் கண்டென்சரும் வாங்கக்கூடாது. ஓடும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவே வீட்டு வோல்டேஜைவிட அதிகமாகவே ஏறும். இரண்டு கடை தள்ளி 8 கிடைத்தது, 90 ரூபாய். மாட்டினேன், ஓடியது. மறுநாள் இட்லி பூப்போல இருந்தது. நானும் பெருமையாகத் திரிந்தேன்.

அந்தப் பெருமை 12 நாள்தான் நீடித்தது. ஒரு நாள் உளுந்து பாதி அரைபட்டபோது சத்தமே இல்லாமல் நின்றது. முனங்கல்கூட இல்லை. உடம்பைத் தொட்டால் சுட்டது. முக்கால் மணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. சூடு ஏறினால் தானாக அணைக்கும் பாதுகாப்பு மோட்டாருக்குள் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வோல்டேஜ் குறைவோ என்று அளந்தேன். 222, குறை சொல்ல முடியாது. அப்படியானால் மோட்டார் எதையோ கஷ்டப்பட்டு இழுக்கிறது.

மறுபடி பெல்ட்டைக் கழற்றினேன். இந்த முறை மோட்டாரை விட்டுவிட்டு டிரம் உட்காரும் தண்டின் பெரிய புல்லியைச் சுழற்றிவிட்டேன். ஒரு சுற்றுகூட முழுதாக வரவில்லை. விரலுக்கு மணல் அரைபடுவதுபோலக் கரகரப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமையே பெல்ட் கழன்றுதானே கிடந்தது! மோட்டார் பக்கத்தைச் சுற்றிப் பார்த்த நான், இரண்டு சாண் தள்ளியிருந்த இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தண்டைக் கழற்றினால், மேலே இருந்த ஆயில் சீலின் (தண்டு வழியாகத் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வளையம்) உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதன் கீழே செங்கல் நிறத்தில் ஒரு குழம்பு: துரு, பழைய கிரீஸ், புளித்த மாவு எல்லாம் சேர்ந்த வாடை. மாவு ஆட்டி முடித்ததும் டிரம்மைக் கழுவி, சொட்டச் சொட்ட அப்படியே திரும்ப உட்கார வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். 11 வருஷமாக அந்தத் தண்ணீர் தண்டு வழியாக இறங்கியிருக்கிறது. கண்டென்சர் சீக்கிரம் போனதற்கும் இந்த இறுக்கம்தான் காரணம் என்பது என் ஊகம். மோட்டார் சூடானால், அதே அடைத்த பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சரும் சேர்ந்துதானே வேகும்.

தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் 6202 ZZ என்று இருந்தது. கடைசி 02 என்றால் உள்துளை 15 மில்லிமீட்டர், ZZ என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. தகர மூடி தூசியைத் தடுக்கும், தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. அதே 6202-ல் ரப்பர் மூடி போட்ட 2RS இரண்டு, ஆயில் சீல் ஒன்று, மொத்தம் 310 ரூபாய். கடைப்பக்கம் இது எனக்கு மூன்றாவது நடை.

மாட்டுவதில்தான் பயம் இருந்தது. பேரிங் உட்காரும் கூடு அலுமினியம், சுத்தியலால் கண்டபடி அடித்தால் விரிசல் விடும். ராத்திரி பேரிங்குகளை ஒரு கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் ஃப்ரீசரைத் திறந்த அத்தை, "இதையும் கொழம்புல போட்டுரவா?" என்றார்கள். மத்தியானம் வரை கூட்டை மொட்டை மாடியில் போட்டேன். நம்மூர் வைகாசி வெயிலுக்கு அடுப்பு எதற்கு? துணியால்தான் தூக்க முடிந்தது. கூடு விரிந்து பேரிங் சுருங்கியதால், பழைய சாக்கெட் ஸ்பேனரின் குழல் ஒன்றை வெளிவளையத்தின் மேல் வைத்து நாலு தட்டுத் தட்டியதும் 'டொப்'பென்று உட்கார்ந்தது. உள்வளையத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகள் தடத்தைக் குத்திவிடும், பேரிங் புதுசிலேயே கெட்டுவிடும்.

பெல்ட் மாட்டுமுன் புல்லியைச் சுழற்றிவிட்டேன். ஏழு சுற்று வந்து மெதுவாக நின்றது. புது சீல் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கிறது, போகப் போக இளகும். அரை கிலோ உளுந்தை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது டிரம்மைக் கழுவியதும் பின்வாசல் படியில் கவிழ்த்து வைக்கிறோம். பழைய பெல்ட்டை அத்தை தூக்கிப் போடவில்லை. துணிக்கொடி தொய்ந்த இடத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.