பிரே நாட்குறிப்பு: இரண்டு கிளப் ஒன்றான குளிர்காலம்

5 டிசம்பர் 2021, ஞாயிறு

மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மகனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். அயர்லாந்தில், டப்ளினுக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது எங்கள் ஊர் பிரே. ரயில் நிலையத்தை ஒட்டித்தான் எங்கள் கால்பந்து அணி பிரே வாண்டரர்ஸின் கார்லைல் மைதானம். சீசன் முடிந்ததால் வாசல் பூட்டிக் கிடக்கிறது. 1862இல் திறந்த மைதானம் அது. டப்ளினிலிருந்து டார்ட் என்கிற புறநகர் ரயிலில் வருகிறவர்கள் இறங்கியதுமே அதன் விளக்குக் கம்பங்களைப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த விளக்குகள் எரிந்தால்தான் எங்கள் ஊருக்கு வார இறுதி தொடங்கியதாக எனக்குத் தோன்றும்.

பூட்டிய வாசலருகே நின்று மகன் கேட்டான்: "அம்மா, இனிமே கேபின்டீலி கிடையாதா?"

செய்தி வந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிரே வாண்டரர்ஸும் பக்கத்து ஊர்க் கிளப்பான கேபின்டீலியும் 2022 முதல் ஒரே அணி. பெயர் பிரே வாண்டரர்ஸ், மைதானம் கார்லைல். அயர்லாந்து லீக்கில் கேபின்டீலி என்ற பெயர் இனி இருக்காது. சிறுவர் அணிகள் இருக்கும், கிளப் அழிந்துவிடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அது போதவில்லை. வீடு பிரேயில் என்பதால் அவன் பிரே ரசிகன். விளையாடுவதோ கேபின்டீலியின் சிறுவர் அணியில். அலமாரியில் பிரேயின் பச்சை ஜெர்சியும் கேபின்டீலியின் நீல ஜெர்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்று சீசனாக இரண்டு அணிகளும் ஒரே பிரிவில் மோதிக்கொண்டன. அந்த ஆட்டங்களின்போது மட்டும் இரண்டில் எதையும் போடாமல் சாதாரணக் கோட்டோடு வந்து உட்கார்ந்திருப்பான்.

7 டிசம்பர் 2021, செவ்வாய்

பாரா புயல். காலையிலிருந்து ஜன்னல்கள் அதிர்கின்றன. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வந்தவளுக்குத் தூக்கமும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தனியாக இருக்கிறாரே என்று சூப் எடுத்துக்கொண்டு போனேன்.

பேச்சு தானாகவே கிளப்புக்கு வந்தது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரே 1985இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து பார்க்கிறார். வந்த முதல் சீசனிலேயே முதல் பிரிவில் சாம்பியன். (வெளியூர்க்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன்: இங்கே மேலே இருப்பது பிரீமியர் பிரிவு, 'முதல் பிரிவு' என்பது அதற்குக் கீழே உள்ள இரண்டாம் படி.) 1990 அயர்லாந்துக் கோப்பை இறுதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும். டப்ளினின் லேன்ஸ்டவுன் சாலை மைதானத்தில் கிட்டத்தட்ட 29,000 பேர். எதிரில் செயின்ட் பிரான்சிஸ், லீக்கிலேயே இல்லாத டப்ளின் அணி. பிரேவும் அப்போது இரண்டாம் படியில்தான். சின்ன அணிகள் இரண்டு மோதியதைப் பார்க்க அவ்வளவு கூட்டம். 3-0. மூன்றையும் அடித்தவர் ஜான் ரயன், அதில் இரண்டு பெனால்டி.

1999இல் மறுபடியும் கோப்பை. ஃபின் ஹார்ப்ஸோடு முதல் ஆட்டம் சமன், மறு ஆட்டமும் சமன், மூன்றாவதில் 2-1. இரண்டு கோப்பையின்போதும் மேனேஜர் பேட் டெவ்லின். அப்புறம் அவர் கேபின்டீலிக்குப் போய் அந்தக் கிளப்பை லீக்குக்குக் கொண்டுவந்தார். இப்போது இணைந்த அணிக்கும் அவர்தான் மேனேஜர்.

"வீட்டுக்குத் திரும்பி வருகிறார்" என்றார் பெரியவர் சந்தோஷமாக.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கேபின்டீலிக்காரர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு எண்ணம் ஓடியது. அவர்களுக்கு டெவ்லின் திரும்பி வருகிறவர் இல்லையே, கிளம்பிப் போகிறவர்.

12 டிசம்பர் 2021, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

மகனுக்குக் கில்போகெட் பூங்காவில் பயிற்சி. எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் மாவட்ட எல்லை இருக்கிறது. பிரே விக்லோ, கேபின்டீலி டப்ளின். வழக்கம்போல ஓரமாக, ஈரப் புல்லில், கையில் தேநீர்க் குவளையோடு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றது எனக்கு நான்கு வருடமாகத் தெரிந்த அக்கா. பிள்ளைகள் பெரியவர்களாகிப் போய்விட்டார்கள், இருந்தாலும் வருவதை நிறுத்தவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் மனதுக்குள் அவரை அக்கா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

கேபின்டீலி 2015இல் லீக்கில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஸ்ட்ராட்புரூக் வாசலில் டிக்கெட் கிழித்தவர். சம்பளம் கிடையாது. ஸ்ட்ராட்புரூக் பிளாக்ராக்கில் ஒரு ரக்பி கிளப்பின் இடம், கேபின்டீலிக்குச் சொந்தமானது இல்லை. ஆடுகளத்தைக் கால்பந்துக்குத் தயார் செய்வது, விளம்பரப் பலகைகளைக் கட்டுவது, ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றுவது என்று ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வீடு மாற்றுகிற வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தார்களாம். 2019இல் மேல்பிரிவுக்கான பிளே-ஆஃப் வரை போனபோது அவர் வாசலை விட்டு நகரவே இல்லை. உள்ளே கேட்ட சத்தத்தை வைத்தே யார் கோல் அடித்தார்கள் என்று கண்டுபிடித்தாராம்.

"உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டேன்.

இல்லை என்றார். கணக்குப் புரிகிறது, பணம் போதவில்லை, கூட்டம் சில நூறு பேர்தான், இப்படியே எத்தனை நாள் ஓட்ட முடியும் என்றார். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள், யாரும் துக்கம் விசாரிக்கவில்லை" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிரேகாரி நான். என் கிளப்பின் பெயர் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, அடுத்த சீசனுக்கு நல்ல ஆட்டக்காரர்களும் வரப்போகிறார்கள். இந்த இணைப்பில் நான் எதையுமே இழக்கவில்லை. இழந்தவர் பக்கத்தில் நிற்கிறார். அவரிடம் நானும் ஒருமுறை "நல்ல செய்தி" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றாவது துக்கம் விசாரித்திருக்கலாம். பயிற்சி முடிந்து மகன் ஓடிவந்துவிட்டான்.

20 டிசம்பர் 2021, திங்கள்

இன்று முதல் பப்களும் உணவகங்களும் இரவு எட்டு மணிக்கே மூட வேண்டும். ஒமிக்ரான். வேலை கடுமை. எழுத நேரமில்லை.

3 ஜனவரி 2022, திங்கள்

விடுமுறை நாள். பெரியவர் வீட்டில் பழைய ஆட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கிளப்புகள் இணைவது இந்த நாட்டுக்குப் புதிதில்லை என்று காட்டுவதற்காக எடுத்தார்.

ஸ்லைகோ ரோவர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1928இல் ஸ்லைகோ டவுன், ஸ்லைகோ புளூஸ் என்ற இரண்டு அணிகள் சேர்ந்து உண்டானது. இன்றைக்கு ஸ்லைகோவில் யாரைக் கேட்டாலும் ரோவர்ஸ் எங்கள் ரத்தம் என்பார்கள். பழைய இரண்டு பெயரையும் நினைத்து வருந்துகிறவர்கள் யாரும் இல்லை. இரண்டு பேருமே பெயரை விட்டுக்கொடுத்தார்கள், புதிதாக ஒன்று பிறந்தது.

அடுத்ததாக அவர் எடுத்தது டப்ளின் கிளப்பான ட்ரம்கோண்ட்ரா. ஐந்து முறை லீக், ஐந்து முறை கோப்பை. அதன் மைதானமான டோல்கா பார்க் நிரம்பி வழிந்த காலம் உண்டு. 1972இல் ஹோம் ஃபார்ம் அதை எடுத்துக்கொண்டது. சிறுவர்களை வளர்த்தெடுப்பதில் பேர் போன கிளப் ஹோம் ஃபார்ம். ஒரே ஒரு சீசன் ஹோம் ஃபார்ம் ட்ரம்கோண்ட்ரா என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தது. பிறகு இரண்டாவது பெயரை விட்டுவிட்டார்கள். பெரியவரின் மாமா ட்ரம்கோண்ட்ரா ரசிகர். அதற்கப்புறம் அவர் ஒரு லீக் ஆட்டத்துக்கும் போகவில்லையாம். மைதானத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு. சனி, ஞாயிறுகளில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டார்.

இதைச் சொல்லி முடித்ததும் பெரியவரே அமைதியாகிவிட்டார். இணைப்பு நல்லது என்று காட்டத்தான் புத்தகத்தை எடுத்தார், பாவம்.

நான் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். வாசலில் டிக்கெட் கிழித்ததை, சத்தத்தை வைத்து கோலைக் கண்டுபிடித்ததை, துக்கம் விசாரிக்காததை. குறுக்கே பேசாமல் கேட்டார். கிளம்பும்போது, "அவர் தோட்ட வேலைக்குப் போய்விடக் கூடாது" என்றார்.

22 ஜனவரி 2022, சனி

பெரும்பாலான கட்டுப்பாடுகள் இன்று காலையோடு போய்விட்டன. நேற்று மாலை பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னபோது மருத்துவமனை வார்டில் கைதட்டினோம். மைதானங்களிலும் முழுக் கூட்டத்துக்கு அனுமதி.

இணைப்பு ஏன் நடந்தது என்று மகனுக்கு ஒழுங்காக விளக்க உட்கார்ந்தேன். பணம் என்பது அவனுக்கு முதலிலேயே தெரியும். இன்னொரு காரணத்தை இன்றைக்குத்தான் சொன்னேன். முன்பெல்லாம் இங்கே நன்றாக ஆடுகிற பையன் பதினாறு வயதில் இங்கிலாந்துக் கிளப்புக்குப் போய்விடுவான். கேபின்டீலியில் வளர்ந்த ஜேசன் நைட் அப்படித்தான் டெர்பிக்குப் போனார், இன்று அயர்லாந்து அணிக்கு ஆடுகிறார். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பதினெட்டு வயதுக்கு முன் பிரிட்டன் கிளப்பில் சேர முடியாது. அந்த வயது வரை பையன்களை நல்ல முறையில் வளர்ப்பது இனி இங்குள்ள கிளப்புகளின் பொறுப்பு. தேசிய லீக்கில் 14 வயதுக்குட்பட்டோரிலிருந்து 19 வயதுக்குட்பட்டோர் வரை அணிகள் வேண்டும். அத்தனைக்கும் பயிற்சியாளர், பிசியோ, பேருந்து. கேபின்டீலியிடம் பிள்ளைகள் ஏராளம், சொந்தமாக ஒரு லீக் மைதானம் இல்லை. பிரேயிடம் மைதானமும் பெயரும் இருக்கிறது. 2018இல் பிரீமியர் பிரிவிலிருந்து இறங்கியதிலிருந்து திணறிக்கொண்டிருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு கிளப்பும் தனித்தனியாக மூச்சு வாங்குவதற்கு ஒன்றாக இருக்கலாம்.

முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ பெரிய அணியில வரப்போற பசங்க எங்க பசங்கதானா?" என்றான்.

'எங்க' என்று அவன் சொன்னது கேபின்டீலியை.

ஆமாம் என்றேன். எனக்கும் இந்த இணைப்பு சரி என்றுதான் படுகிறது. ஆனால் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. பெயரை விட்டவர்கள் விருந்தாளிகளைப் போல வந்து உட்கார வைக்கப்படக் கூடாது. 1967இல் தொடங்கிய கிளப் அது. எங்கள் 1990ஐ அவர்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், அவர்களுடைய 2015ஐயும் 2019ஐயும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

30 ஜனவரி 2022, ஞாயிறு

கில்போகெட்டில் அக்காவைப் பார்த்தேன். இந்த முறை தாமதிக்கவில்லை. "உங்கள் அணி போனதற்கு வருத்தப்படுகிறேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, கையிலிருந்த டிக்கெட் கட்டில் மிச்சம் இருந்ததை வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

கார்லைலுக்கு வருவீர்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

17 பிப்ரவரி 2022, வியாழன்

நாளை லீக் தொடங்குகிறது. போன வருடம் முதல் பிரிவில் பத்து அணிகள், இந்த வருடம் ஒன்பது. ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஆட்டம் இல்லை. மகன் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஆட்டமில்லாத அணியின் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் நீலப் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பெரியவர் கதவைத் தட்டினார். கார்லைலின் பார்வையாளர் மேடையில் அவருக்கு வலப்பக்கத்து இருக்கை மனைவி இறந்ததிலிருந்து காலி. அங்கே அவர் கோட்டைத்தான் வைப்பார், யாரையும் உட்கார விடமாட்டார். முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு அந்த அக்காவை அங்கே உட்காரச் சொல் என்றார். நீல ஸ்கார்ஃபோடு வரட்டும், யாராவது ஏதாவது சொன்னால் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அப்படியே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மகனைத் தூங்க வைத்தேன். பத்தரை மணிக்குத்தான் போன் சத்தம் போட்டது.

"எந்த வாசல் வழியாக வரணும்?"