எம்.சி.எச். இதய அறுவை சிகிச்சைத் தேர்வு: அந்த எண்ணை யார் எண்ணியது?

எம்.சி.எச். (இதய அறுவை சிகிச்சையில் உயர்நிலைப் பட்டம்) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எந்தப் புத்தகம், எத்தனை ரிவிஷன் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகப் பட்டியல் எல்லா சீனியர்களிடமும் இருக்கிறது, அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கரையேற்றியது ஒரே ஒரு பழக்கம். அதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மனப்பாடம் வராது. ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது தலையில் நிற்காது. அதனால் தீசிஸ் தொடங்கியபோதே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு கிழித்துக்கொண்டேன். முதல் கட்டத்தில் எண். இரண்டாவதில் யார், எந்த வருடம், யாரை எண்ணினார்கள். மூன்றாவதில், யாரை எண்ணவில்லை. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பேப்பரை நான் இன்னும் படிக்கவில்லை என்று கணக்கு.

டைப் ஏ டிசெக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள்: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவின் சுவர், இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் உட்புறமாகக் கிழிவது. முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று எல்லாரும் ஒப்பிப்போம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நானும் சொன்னேன். "யார் எண்ணினது?" என்று கேட்டார் வெளியூர் எக்ஸாமினர். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. 1958-இல் ஹர்ஸ்ட் குழு 505 நோயாளிகளைத் தொகுத்து எழுதியது. சி.டி. இல்லாத காலம் அது. பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் நோயே தெரியவரும். அந்தக் காலத்துக் கணக்குதான் இன்றுவரை வாய்வழியாக வருகிறது. ஐராட் என்ற பன்னாட்டு அயோர்ட்டா கிழிவுப் பதிவேட்டில் 1996 முதல் 2018 வரை சேர்ந்த 5,611 டைப் ஏ நோயாளிகளை வைத்து 2022-இல் திரும்ப எண்ணினார்கள். அறுவை சிகிச்சை செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 23.7 சதவீதம். அதாவது மணிக்கு 0.5 சதவீதம்தான்.

"அப்போ அவசரம் வேண்டாமா?" என்றார். இங்கேதான் மூன்றாவது கட்டம் வேலை செய்தது. பதிவேட்டில் இருப்பவர்கள் பெரிய மையத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள். வீட்டிலும் ஆம்புலன்ஸிலும் இறந்தவர்கள் அதில் இல்லை. நம் ஊர் கேஷுவாலிட்டியில் நின்றவர்களுக்கு இது புதிதில்லை. நெஞ்சுவலி, வியர்வை, ஈ.சி.ஜி.யில் ஏதோ மாற்றம். மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஹெப்பாரின் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தெல்லாம் போட்டு அனுப்பியிருப்பார்கள். இரண்டு கையிலும் பி.பி. பார்த்து, வித்தியாசம் இருந்தால் கிழிவைச் சந்தேகித்திருக்கலாம்; பார்த்திருக்க மாட்டார்கள். அவர் வழியில் போய்விட்டால் எந்த ஆய்விலும் வரமாட்டார். இதைச் சொன்னதும் எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது தேர்வு மாதிரியே இல்லை, பேச்சுதான்.

லாங் கேஸும் (ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விளக்கும் தேர்வு) எனக்கு இதே பாதையில் அமைந்தது. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. உயரமான இளைஞர், அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷன் (அயோர்ட்டா வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிவது). மர்மர் (அந்தக் கசிவின் இரைச்சல்) மார்பெலும்பின் இடது ஓரத்தைவிட வலது ஓரத்தில் உரக்கக் கேட்டது. அப்படிக் கேட்டால் வால்வோடு நிற்காமல் ரூட்டை, அதாவது அயோர்ட்டாவின் அடிப்பகுதியை, சந்தேகிக்க வேண்டும். மார்ஃபான் என்ற பரம்பரை இணைப்புத்திசு நோயா என்று பார்க்க, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொன்னேன், நகம் முழுக்க வெளியே எட்டிப் பார்த்தது. கண் லென்ஸ், உயர்ந்து வளைந்த அண்ணம், குடும்பத்தில் திடீர் மரணம் எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டேன். ரூட்டோடு வால்வையும் மாற்றும் பென்டால் (1968) செய்வீர்களா, வால்வைக் காப்பாற்றி ரூட்டை மட்டும் மாற்றும் டேவிட் (1992) செய்வீர்களா என்ற விவாதம் வரும் என்று காத்திருந்தால், அவர்கள் போய் நின்றது 5.5 செ.மீ.யில்.

ஏறு அயோர்ட்டாவின் (மேலேறும் பகுதியின்) விட்டம் 5.5 செ.மீ.யை எட்டினால் அறுவை சிகிச்சை. ஏன் 5.5? யேல் பல்கலைக்கழகக் குழுவின் 1997 பேப்பரில், கிழிந்தோ வெடித்தோ போன ஏறு அயோர்ட்டாவின் இடைநிலை அளவு 6 செ.மீ. அதற்குச் சற்று முன்பே முந்திக்கொள்வதுதான் 5.5. சரி. ஆனால் 2007-இல் ஐராட் சொன்னது வேறு: டைப் ஏ நோயாளிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு அளவு 5.5-க்குக் கீழேதான் இருந்தது. இந்த இரண்டையும் கொடுத்து "வரம்பு தப்பா?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். அந்த 60 சதவீதம், கிழிந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 4, 4.5 செ.மீ. அயோர்ட்டாவோடு ஒன்றும் ஆகாமல் நடமாடுகிற பெருங்கூட்டம் அதில் இல்லை. அவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் தனிமனிதரின் ஆபத்து சிறியதுதான். இதோடு நிறுத்தாமல், கிழிந்த பிறகு அளந்த அளவு கிழிவதற்கு முன் இருந்ததைவிடப் பெரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு மேலும் நேரம் கொடுத்தால் உயரத்தைக் கொண்டுவாருங்கள். 2022 அமெரிக்க வழிகாட்டலில் அயோர்ட்டாவின் குறுக்குவெட்டுப் பரப்பை (சதுர செ.மீ.) உயரத்தால் (மீட்டர்) வகுத்து 10-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிற கணக்கு இருக்கிறது. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 4.4 செ.மீ.யிலேயே அது தாண்டிவிடுகிறது. நம் வார்டில் அந்த உயரத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். உயரத்தைச் சேர்த்துப் பார்க்காமல் மில்லிமீட்டரை மட்டும் எழுதி அனுப்பும் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

இனி தீசிஸ். தேர்வுக்கு இது வேண்டாத சுமை என்று நினைப்பவர்கள் அதிகம். எங்கள் பக்கத்து யூனிட் நண்பன் என்னைவிட நன்றாக ஆபரேட் செய்வான், தீசிஸை ஆள் வைத்து முடித்தான், அவனும் பாஸ்தான். ஆகவே என் வழி மட்டுமே வழி என்று சொல்ல முடியாது. ஆனால் தியேட்டரில் கை மெதுவாக ஓடுகிற, ரெக்கார்ட் ரூம் தூசிக்குச் சலிக்காத ஆளாக இருந்தால் இது உங்களுக்கு ஒத்துவரும்.

தலைப்பு எடுக்கும்போது:

- "பென்டால் முடிவுகள்" வேண்டாம். தியேட்டர் ரெஜிஸ்டரில் தொடங்காமல் சி.டி. ரெஜிஸ்டரில் தொடங்குங்கள். டேபிளுக்கு வராதவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.
- எதிக்ஸ் கமிட்டிக்கு முதல் வருடமே கொடுங்கள். என் ஃபைல் ஒரு மேஜையில் ஊறிக் கிடந்த கதையைச் சொன்னால் கட்டுரை முடியாது.
- கேஸ் ஷீட்டில் இருக்கும் போன் எண் பெரும்பாலும் கூட வந்த மச்சானுடையது. நோயாளியுடையது, வீட்டில் இன்னொருவருடையது, இரண்டும் வாங்குங்கள்.
- போன் எடுக்காதவரை "உயிரோடு இருக்கிறார்" என்று எக்ஸெலில் நிரப்பாதீர்கள். கேப்லன்-மையர் கோடு (எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்று காட்டும் வரைபடம்) அழகாகத்தான் வரும், ஆனால் பொய்.
- சர்க்குலேட்டரி அரெஸ்ட் (உடலைக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தை நிறுத்திச் செய்வது) என்றால் வெப்பநிலையை எழுதுங்கள். 14.1 முதல் 20 டிகிரி வரை டீப், 20.1 முதல் 28 வரை மாடரேட் என்று 2013-இல் நிபுணர்களின் கருத்தொப்புதல் ஒன்று வந்தது. அளந்தது மூக்கிலா, சிறுநீர்ப்பையிலா என்பதும் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது.

தியரிக்கு நான் தனியாக எதுவும் செய்யவில்லை. படம் வரைந்தேன், எல்லாப் பதிலிலும். கேனுலேஷன் (குழாய் பொருத்துவது) எங்கே, கிளாம்ப் எங்கே, எந்தப் பக்கம் தையல். கையெழுத்து மோசம் என்பதால் அது காப்பாற்றியிருக்கலாம்.

அடுத்து அயோர்ட்டா ஃபெலோஷிப்களுக்கு விண்ணப்பிக்கிறேன். அங்கே இதுவரை போன நேர்காணலில் கேட்டதும் முதலில் தீசிஸைத்தான்: எத்தனை பேர், எத்தனை பேரைத் தவறவிட்டாய், ஏன். நோட்டின் ஸ்கேன் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். தொராக்கோ-அப்டாமினல் (மார்பு-வயிற்று அயோர்ட்டா) பக்கங்கள் அரைகுறை, அதை நம்பாதீர்கள்.