நான்காம் பிறந்தநாளுக்கு ஒரே தட்டு

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

இம்மாதம் 20ஆம் தேதி மகளுக்கு நான்கு வயது நிறைகிறது. சென்ற ஆண்டு வெளியிலிருந்து தருவித்த விருந்து உணவில் பாதிக்கு மேல் மீந்துபோய், பொரித்த கோழித்துண்டுகளையே மூன்று நாள் சூடாக்கிச் சூடாக்கித் தின்று தீர்த்தோம். ஆகவே இம்முறை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. மனைவிக்கு அந்த வாரம் முழுவதும் மாலைப் பணி, சனிக்கிழமை மட்டுமே விடுப்பு என்பதால் சமைக்கப் போகிறவன் நான்தான்.

வரவிருக்கும் குழந்தைகள் பதினொருவர். இரவு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எது ஆகாது என்று எழுதிப் பார்த்தேன். இங்கே சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஹலாலாக இருக்க வேண்டும். குஜராத்திக் குடும்பத்துச் சிறுமி முட்டையும் தொடாத சைவம். பாலர் பள்ளித் தோழன் ஒருவனுக்கு முட்டையும் வேர்க்கடலையும் ஒவ்வாமை. அண்ணனின் கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்பதால் தேன் கூடாது. அந்தத் தோழனின் தாயார் அழைப்பை ஏற்ற கையோடு, மகனுக்குத் தனியாக டப்பாவில் கொண்டுவந்துவிடுவதாகவும் நாங்கள் சிரமப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். இதற்கு முன் எத்தனை விருந்துகளுக்கு அதே வரியை எழுதியிருப்பாரோ! எல்லாக் குழந்தைகளும் உண்ணக்கூடியது மட்டுமே மேசைக்கு வர வேண்டும், 'இது உனக்கு இல்லை' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக்கூடாது என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

6 செப்டம்பர், சனி

கோழி உண்டா இல்லையா என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தபோது, நாட்காட்டியைப் புரட்டிய அம்மா, 20ஆம் தேதி புரட்டாசி முதல் சனிக்கிழமை என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. அன்று காலை சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு வந்து மாலையில் வீட்டில் கோழி பொரிப்பதை அம்மா எந்நாளும் ஒப்பமாட்டார். எனக்கும் பாதி வேலை குறைந்தது.

இறைச்சியை விலக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். பொட்டலங்களின் பின்புறத்தைப் படித்தபோதுதான், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை எவ்வளவு என்று விளங்கியது. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சில பாலாடைக் கட்டிகளில் பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து வரும் ரென்னட். வெனிலா எசன்ஸ் பலவற்றில் சாராயம் கலந்திருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மையார் வெனிலாவைப் பற்றி மட்டும் கேட்டார். அதற்குப் பதில் பாண்டான் என்னும் மணமுள்ள இலையின் சாற்றைச் சேர்ப்பதாகச் சொன்னேன். பாத்திரங்களைப் பற்றி நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, நோன்புப் பெருநாளுக்கு அகர் அகர் ஜெல்லி செய்யும் தம் அச்சுகளை எடுத்துத் தந்து, தட்டுகளைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அம்மா வாசலில் நின்றபடியே மலாயில், "போலே மாக்கான்?" (சாப்பிடலாமா?) என்று இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

10 செப்டம்பர், புதன்

இன்று அகர் அகர் ஒத்திகை. தமிழ்நாட்டில் கடற்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்வதைத்தான் நாங்கள் இங்கே மலாய்ப் பெயராலேயே அழைக்கிறோம். கடற்பாசியிலிருந்து எடுப்பதால் சைவத்துக்கும் ஹலாலுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. இந்த ஊர் வெயிலுக்கும் அதுவே ஏற்றது. ஜெலட்டினில் செய்த ஜெல்லி உடல் வெப்ப அளவிலேயே உருகுவதால் பகலில் 32 டிகிரியைத் தொடும் அறையில் துவண்டுவிடும். அகர் அகரோ 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே தானாகவே உறைந்து, பிறகு ஏறத்தாழ 85 டிகிரி வரை சூடாக்கினாலொழிய இளகுவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் இடம் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூள் என்ற கணக்கில் காய்ச்சினேன். நீல நிறத்துக்குச் சங்குப்பூ. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தைப் பராமரிக்கும் பெரனாக்கன் (மலாய் வழக்கங்கள் கலந்த சீன மரபு) பாட்டியிடம் கேட்டதும், பலகாரத்துக்கென்று அவர் பறித்து வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி தந்தார். வெந்நீரில் பூக்களை ஊறவைத்தால் ஆழ்ந்த நீலம் இறங்குகிறது; எலுமிச்சைச் சாறு விட்டால் அதுவே ஊதாவாகிவிடுகிறது. மகள் கைதட்டிய மகிழ்ச்சியில், எலுமிச்சைச் சாற்றைக் கொதித்துக்கொண்டிருந்த அகர் அகரிலேயே ஊற்றிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் அது கஞ்சியாகவே கிடந்தது. கொதியில் புளிப்புச் சேர்ந்தால் உறைய வைக்கும் நீண்ட இழைகள் சிதைந்துவிடும். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகே புளிப்பைச் சேர்க்க வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

காலையில் தேக்கா சந்தையில் பாண்டான் இலை, தேங்காய்ப்பால், உளுந்து. அருகில் உள்ள பாத்திரக் கடையில் 14 குழிகள் கொண்ட சிறு இட்லித் தட்டு நான்கு. அரைத்து ஊற்றினால் ஒரே ஈட்டில் 56 இட்லி. குழந்தையின் ஒரு வாய்க்கு ஓர் இட்லி என்ற அளவு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. இதைவிடச் சிறந்த பிறந்தநாள் உணவு வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பர்கரை ஏன் சிறிதாக்கித் தருகிறார்கள், இட்லியை ஏன் மறந்தோம் என்று பேருந்தில் வரும்போது மனைவியிடம் நீளமாகப் பேசினேன். அவள் உறங்கிவிட்டிருந்தாள்.

மனைவி செவிலியர் என்பதால், என் பட்டியலிலிருந்து சிலவற்றை இரக்கமின்றி நீக்கினாள். சோளப்பொரி கூடாது. முழுத் திராட்சை கூடவே கூடாது. அந்த வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான உருண்டை அது. கொடுத்தே ஆக வேண்டுமானால் நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும், குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும். உறிஞ்சி விழுங்கும் சிறு கோப்பை ஜெல்லி வேண்டாம். அகர் அகர் பல்லில் பட்டதும் நொறுங்கும் என்றாலும் அதையும் மெல்லிய துண்டுகளாகப் போடச் சொன்னாள். இட்லியில் பல்குச்சி குத்தி அழகாக அடுக்கும் என் திட்டமும் அத்தோடு போயிற்று.

19 செப்டம்பர், வெள்ளி

கேக் ஆயிற்று. இந்த ஊரின் பாண்டான் ஷிஃபான் கேக் முட்டை வெள்ளைக்கருவின் நுரையில் எழும்பி நிற்பது. முட்டை இல்லாமல் அந்த மென்மை வராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு வேறு வழியில் போனேன். ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து, அது பொங்கி வந்ததும் அரைக் கப் எண்ணெய், ஒன்றரைக் கப் மைதா, பாண்டான் சாறு. 180 டிகிரியில் 35 நிமிடம். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து எழுப்பும் காற்றுதான் இங்கே முட்டையின் வேலையைச் செய்கிறது. சற்று இறுக்கமான கேக்தான், ஆனால் மணம் வீடு முழுவதும் நிறைந்துவிட்டது.

குடிக்கப் பார்லித் தண்ணீர். இரண்டு லிட்டருக்கு 60 கிராம் கற்கண்டு போட்டேன். 100 மில்லிக்கு 3 கிராம். சர்க்கரை அளவைப் பார்த்துத் தரம் பிரித்துக் கடைப் பானங்களில் ஒட்டும் நியூட்ரி-கிரேட் கணக்கில் இது 'பி' தரத்துக்கு வரும் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பார்லித் தண்ணீருக்கு மதிப்பெண் எதற்கு என்று கேட்டார்.

அகர் அகர் மூன்று அடுக்கு: நீலம், தேங்காய்ப்பால் வெள்ளை, ஊதா. கீழ் அடுக்கு லேசாக உறைந்து மேற்பரப்பு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும். இடையில் தொலைபேசி அழைப்பு வந்ததில் நேரம் தப்பிவிட்டது.

20 செப்டம்பர், சனி

விருந்து மாலை 4 மணிக்கு. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும் என்பதால், மூன்றே கால் மணிக்குத்தான் இட்லியை அடுப்பில் ஏற்றினேன். மூன்று ஈடு, 168 இட்லி. நெய் தடவியவை ஒரு புறம், காரட் துருவல் கலந்தவை ஒரு புறம். வெண்ணெய் தடவிய ரொட்டியில் வெள்ளரிக்காய் வைத்தது, தர்பூசணி, பப்பாளி. பெரியவர்களுக்குக் காய்கறி சேர்த்துப் பீஹூன் என்னும் அரிசிச் சேமியா வறுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாம் தீர்ந்தது.

அஞ்சியபடியே அகர் அகர் அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்து வந்தன. குழந்தைகள் அதைக் குறையாக எண்ணாமல், ஏடு ஏடாக உரித்து முதலில் நீலத்தையும் பிறகு ஊதாவையும் தின்றார்கள். வெள்ளையை அநேகமாக எல்லோருமே விட்டுவிட்டார்கள்.

பாலர் பள்ளித் தோழனின் தாயாரிடம் ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்று மகனிடம் சொன்னார். அவன் ஒப்பவில்லை. விருந்தென்றால் தன் டப்பாவிலிருந்துதான் உண்பது என்று பழகியவன் அவன். பச்சை மூடி போட்ட அந்த டப்பாவைத் திறந்து, அம்மா கொண்டுவந்திருந்த பிஸ்கட்டுகளை ஓரமாக ஒதுக்கி, மேசையிலிருந்து பன்னிரண்டு இட்லிகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து உள்ளே அடுக்கிக்கொண்டு தரையில் அமர்ந்தான். அதைக் கண்ட என் மகள் தனக்கும் டப்பா வேண்டும் என்றாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் கேட்டார்கள். நான் அத்தனை கவனமாக வாங்கி வைத்திருந்த காகிதத் தட்டுகள் அப்படியே இருக்க, மனைவி சமையலறை அலமாரியைத் துழாவி, எதிர்வீட்டிலிருந்தும் நான்கைக் கேட்டு வாங்கி, கைக்குழந்தை நீங்கலாகப் பத்துப் பேருக்கும் பத்து டப்பாக்களைக் கழுவிக் கொடுத்தாள்.

21 செப்டம்பர், ஞாயிறு

எதிர்வீட்டு அச்சுகளையும் டப்பாக்களையும் மீந்த கேக்குடன் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளை அகர் அகர் ஒரு பெரிய கிண்ணம் நிறைய மீந்திருக்கிறது. அம்மா அதற்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறார். எங்கள் டப்பா ஒன்றின் மூடியை மட்டும் இன்னும் காணவில்லை.