சாய லேபில் 15 பாட், ஏழு லோடு

பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்துக்கு ரெசிபி தேடும் திருப்பூர் லேப்களில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. முதலில் வெப்பநிலை, பிறகு உப்பு, கடைசியில் சாயத்தை இழையோடு பிணைக்க உதவும் சோடா (சோடியம் கார்பனேட்). 50 டிகிரியில் நிறத்தை ஏற்றிக் கொடுக்கும் கூடுதல் சோடா, 70 டிகிரியில் சாயத்தைத் தண்ணீரோடு வினைபுரிய வைத்து வீணாக்கிவிடும். தனித்தனியாகத் தேடினால் இது கண்ணில் படாது.

பாக்ஸ், பென்கென் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1960-இல் தந்த சோதனைத் திட்டம் மூன்று காரணிகளுக்குப் போதும்: 12 ஓரப்புள்ளிகள் (இரண்டு காரணிகள் உச்சத்திலோ அடியிலோ, மூன்றாவது நடுவில்), 3 மையப்புள்ளிகள் (மூன்றும் நடுவில்). நிறத்தைக் கணிக்கும் இருபடிச் சமன்பாட்டில் கண்டுபிடிக்க வேண்டிய கெழுக்கள் 10 தான். வெப்பநிலை 50, 60, 70. உப்பு லிட்டருக்கு 30, 50, 70 கிராம். சோடா 10, 15, 20. மூன்றும் ஒருசேர உச்சத்தில் நிற்கும் மூலைகள் இதில் வராததும் நல்லதே.

சிக்கல் மெஷினில் இருக்கிறது. ஒரு லோடில், அதாவது ஒரே ஓட்டத்தில், உள்ள பாட்கள் (சிறு சாயக் குடுவைகள்) எல்லாவற்றுக்கும் ஒரே வெப்பநிலை. அதனால் 50-க்கு ஒரு லோடு, 60-க்கு ஒன்று, 70-க்கு ஒன்று என்று மூன்றே லோடில் முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் வெப்பநிலையின் விளைவையும் லோடுக்கு லோடு வரும் வேறுபாட்டையும் பிரிக்க வழியே இல்லை. மையப்புள்ளிகள் மூன்றும் ஒரே லோடில் வெந்திருப்பதால் பிழை மிகச் சிறியதாகத் தெரியும். வெப்பநிலை பெரிய காரணி என்று மென்பொருள் அடித்துச் சொல்லும். 50-க்கும் 70-க்கும் இரண்டிரண்டு லோடு, 60-க்கு மூன்று, அந்த மூன்றிலும் ஒவ்வொரு மையப்புள்ளி, ஏழு லோடுக்கும் சீட்டுக் குலுக்கி வரிசை: கூடுதல் நேரம் ஆகும், ஆனால் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பகுப்பாய்விலும் லோடைத் தனிப் பிழையாகச் சேர்க்க வேண்டும்.

5 கிராம் துணி, 50 மில்லி குளியல் என்றால் லிட்டருக்கு 15 கிராம் அளவுக்கு சோடா 0.75 கிராம்தான். அதில் 0.05 கிராம் பிசகினாலே ஏறக்குறைய 7 சதவீதம். லிட்டருக்கு 100 கிராம் சோடாக் கரைசல் தயாரித்து 7.5 மில்லி பிப்பெட்டில் எடுப்பதே சரி. அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சாயமிட்ட பின் சோப்பு நீரில் அலசும் சோப்பிங் அரைகுறையானால் ஒட்டாத சாயமும் துணியில் தங்கி, நிறத்தின் ஆழத்தைக் காட்டும் அளவான கே/எஸ் பொய்யாக ஏறும். அது கடுமையாகப் பாதிப்பது சோடா அதிகமான பாட்களைத்தான், சமன்பாடே சாய்ந்துவிடும்.

பெரும்பாலும் சமன்பாடு காட்டும் நிறத்தின் உச்சம் கூர்மையாக இராது, மேடு நீளமாகப் படுத்திருக்கும். அந்த மேட்டில் உப்பு குறைந்த முனையைத் தேர்ந்தெடுங்கள். கழிவுநீரில் கரைந்த உப்பை வெளியே எடுப்பதுதான் பெருஞ்செலவு. அந்த ரெசிபியைத் தனித்தனி மூன்று லோடில் ஓட்டி, கே/எஸ் சமன்பாடு தரும் கணிப்பு இடைவெளிக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே பெரிய மெஷினுக்கு அனுப்பலாம்.